தரைதொடும் வேகம்

ஒரு விமானத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், “அது எவ்வளவு வேகமாகப் பறக்கும்?” என்று கேட்போர் பலர். “எவ்வளவு வேகத்தில் தரை இறங்கும்?” என்று கேட்போர் சிலரே. ஆனால், விமானத்தில் ஏறி அமர்ந்தவன் உயிரோடு வீடு திரும்புவதற்கு இரண்டாவது கேள்வியின் விடையே பெரிதும் துணை நிற்கிறது. வானத்தில் இருபது கிலோமீட்டர் வேகம் கூடினாலும் குறைந்தாலும் பெரும்பாலும் கேடில்லை. தரையை நெருங்கும் கடைசி இரண்டு நிமிடங்களிலோ அதே இருபது கிலோமீட்டர் வாழ்வுக்கும் சாவுக்கும் இடையிலுள்ள தூரமாகிவிடும்.

சொந்தக் கையால் கட்டி முடிக்கப்பெறும் சிறு விமானங்களுக்கு, அவற்றுள்ளும் மிகுவேகம் படைத்தவற்றுக்கு, இவ்வுண்மை இன்னும் கூர்மையாகப் பொருந்தும். பொறியியல் பயிலும் நம் மாணவர் பலர் இன்று சிறு விமானங்களை வரைவதிலும் கட்டுவதிலும் ஆர்வம் காட்டுகின்றனர். அவர்கள் மட்டுமன்றி, கலை பயிலும் அன்பர்களும் இதனை எளிதில் உணரலாம். பள்ளிக்கூடக் கணக்குக்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

தங்கவயலில் ஒரு பாடம்

விமானத்துக்குப் போகுமுன் பூமிக்கு அடியில் சற்றுச் சென்று வருவோம். கோலார் தங்கவயல் தமிழ் உழைப்பால் எழுந்த ஊர். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கு வந்த பிறகு, வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகச் சென்றவர்கள் தோண்டிய சுரங்கம் அது. சாம்பியன் ரீஃப் பகுதியில் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது. 2001-இல் அது மூடப்பெற்றது.

அந்த ஆழத்துக்குத் தொழிலாளரை இறக்கியதும் ஏற்றியதும் கம்பி வடத்தில் தொங்கிய இரும்புக் கூண்டு. அதனைச் செலுத்துபவர் மேலே இயந்திர வீட்டில் அமர்ந்திருப்பார். கூண்டு அவர் கண்ணுக்குத் தெரியாது. ஆழங்காட்டும் கருவியின் முள், உருளையில் இட்ட குறி, மணியோசை ஆகிய மூன்றுமே அவருக்குக் கண்ணும் காதும். கூண்டு மேலேறி வரும்போது, இன்ன குறி வந்ததும் வேகத்தைக் குறைக்கத் தொடங்க வேண்டும், இன்ன குறி வரும்போது வேகம் இவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்பது அங்கே கட்டளை. தவறினால் கூண்டு நிலையத்தைக் கடந்து உச்சிக் கோபுரத்தில் போய் மோதும். ஆள் ஏற்றும் இயந்திரங்களுக்கு மிகுவேகத் தடுப்பும் மேலேற்றத் தடுப்பும் வேண்டும் என்று சட்டம் கேட்பது இதனால்தான்.

விமானம் இறங்குவதும் இத்தகையதே. இன்ன இடத்தில், இன்ன உயரத்தில், இன்ன வேகம் என்ற ஒழுங்கு அங்கும் உண்டு. ஆயினும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. கூண்டை நடுவழியில் நிறுத்தினாலும் வடம் தாங்கிக்கொள்ளும். விமானத்துக்கு வடம் இல்லை. அதனைத் தாங்குவது வேகமே. ஆகவே கூண்டுக்கு மேல் எல்லை ஒன்றுதான். விமானத்துக்கோ மேல் எல்லையும் உண்டு, கீழ் எல்லையும் உண்டு. இரண்டுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய வழியில்தான் அது இறங்கியாக வேண்டும்.

கீழ் எல்லை எது?

விமானத்தை மேலே தாங்குவது இறக்கையின் தூக்குவிசை. இவ்விசை நான்கைப் பொறுத்தது: காற்றின் அடர்த்தி, இறக்கையின் பரப்பு, வேகத்தின் இருமடி, காற்றை இறக்கை எதிர்கொள்ளும் கோணம். வேகம் குறையக் குறைய, அதே எடையைத் தாங்குவதற்கு விமானி மூக்கை உயர்த்திக் கோணத்தைக் கூட்டுகிறார். இது ஓர் அளவு வரையில்தான் செல்லும். பெரும்பாலான இறக்கைகளில் ஏறத்தாழ 15 பாகையை ஒட்டி, மேற்பரப்பைத் தழுவி ஓடிய காற்று பிய்த்துக்கொண்டு விலகிவிடும். தூக்குவிசை சரியும், விமானம் விழத் தொடங்கும். இதனையே ‘ஸ்டால்’ என்கிறார்கள். இயந்திரம் நின்றுபோவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. இயந்திரம் முழு வேகத்தில் முழங்கிக்கொண்டிருக்கும்போதும் இறக்கை ஸ்டால் ஆகலாம்.

இங்கு ஒன்றை நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். ஸ்டால் உண்மையில் கோணத்தால் வருவது, வேகத்தால் அன்று. குறிப்பிட்ட எடையில், நேராக, சீராகப் பறக்கும்போது அந்தக் கோணம் எந்த வேகத்தில் வருகிறதோ, அதனையே ‘ஸ்டால் வேகம்’ என்று குறிக்கிறோம். எடை மாறினால் அது மாறும். திரும்பினாலும் மாறும். ஏட்டில் அச்சிட்ட ஒரே எண்ணை எந்நிலைக்கும் உரியதாகக் கொள்வதே பல விபத்துகளின் வேர்.

சிறிய இறக்கை, பெரிய வேகம்

பயிற்சிக்குப் பெயர்பெற்ற செஸ்னா 152 விமானத்தின் முழு எடை சுமார் 757 கிலோ. இறக்கைப் பரப்பு சுமார் 15 சதுர மீட்டர். ஆக, ஒரு சதுர மீட்டர் இறக்கை ஏறத்தாழ 50 கிலோவைச் சுமக்கிறது. அமெரிக்காவில் பாகங்களாக விற்கப்பெற்று, வாங்கியவர்களே கட்டிக்கொண்ட லான்செர் நான்கு என்னும் விமானத்தைப் பாருங்கள். அதன் இறக்கைப் பரப்பு சுமார் 9 சதுர மீட்டரே. எடையோ 1,450 கிலோ அளவு. அங்கே ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 160 கிலோ சுமை, அதாவது மும்மடங்கு.

வேகத்தின் இருமடியே தூக்குவிசையைத் தருவதால், சுமை மும்மடங்கானால் ஸ்டால் வேகம் மூன்றின் வர்க்கமூலமாகிய 1.73 மடங்கு ஆக வேண்டும். இறக்கையின் பின்விளிம்பில் தாழ்த்தப்பெறும் ஃபிளாப்புகள் இதனை ஓரளவு குறைக்கின்றன, முற்றும் போக்குவதில்லை. இத்தகைய விமானங்களை விரும்பி ஏன் கட்டுகிறார்கள்? சிறிய இறக்கைக்கு இழுவை குறைவு. மணிக்கு 450 கிலோமீட்டருக்கு மேல் பறக்கலாம். ஆனால் வானத்தில் பெற்ற வேகத்துக்கு ஓடுதளத்தில் விலை கொடுத்தாக வேண்டும்.

தொழிற்சாலைகளில் செய்யப்பெறும் ஒற்றை இயந்திரச் சிறு விமானங்களின் ஸ்டால் வேகம் 61 நாட், அதாவது மணிக்கு 113 கிலோமீட்டருக்கு மேற்படக் கூடாது என்பது அமெரிக்க விதிகளில் நெடுங்காலமாக நின்றுவந்த எல்லை. விபத்து நேர்ந்தாலும் உள்ளிருப்போர் பிழைக்க ஒரு வாய்ப்பு இருக்கட்டும் என்பதே அதன் கருத்து. சொந்தமாகக் கட்டப்பெறும் விமானங்களை இந்த எல்லை கட்டுப்படுத்துவதில்லை. கட்டுபவரின் அறிவே அங்கு வேலி. 2009-இல் அமெரிக்க விமானத்துறை, லான்செர் வகை விமானங்கள் தம் எண்ணிக்கைக்கு மிஞ்சிய அளவில் உயிர்ச்சேதம் விளைவித்திருப்பதைச் சுட்டி, உரிமையாளர்களுக்கு ஒரு தனி அறிவிப்பு வெளியிட்டது. விமான நிலையத்தை அண்டி, வேகம் குறைந்த நிலையில் நேர்ந்த ஸ்டால்கள் அதில் முதன்மையாகச் சுட்டப்பெற்றன.

நம் நாட்டில் கட்டியவர்கள்

சொந்த விமானம் என்பது மேல்நாட்டார் பொழுதுபோக்கு மட்டுமே என்று எண்ண வேண்டாம். 1910-ஆம் ஆண்டிலேயே சென்னையில் இது நிகழ்ந்தது. மவுண்ட் ரோடில் ஓட்டல் நடத்திவந்த டி ஆஞ்சலிஸ் என்பவர், சிம்ப்சன் கம்பெனியாரின் உதவியோடு தாமே ஓர் இரட்டை இறக்கை விமானத்தைச் செய்வித்துப் பல்லாவரத்தில் பறந்து காட்டினார். ரைட் சகோதரர்கள் முதன்முதல் பறந்து ஏழாண்டுகூட நிறைவுறாத காலம் அது.

தங்கவயலிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரில், தேசிய விமானவியல் ஆய்வுக்கூடத்தார் 1980-களில் ஓர் ஆராய்ச்சி விமானத்தை உருவாக்கினர். அதற்கு அடிப்படையாய் அமைந்தது பர்ட் ரூட்டான் என்னும் அமெரிக்கர், வீட்டில் கட்டுவோருக்கென்றே வரைந்த லாங்-ஈசி விமானம். அண்மையில் மும்பையைச் சேர்ந்த விமானி அமோல் யாதவ், குடியிருப்பு மாடியின் மொட்டைத் தளத்திலேயே விமானம் கட்டி, 2016-இல் அதனைக் காட்சிக்கு வைத்ததை நாடறியும்.

லாங்-ஈசியின் அமைப்பு நம் பாடத்துக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. அதன் சிறிய இறக்கை முன்னாலும் பெரிய இறக்கை பின்னாலும் அமைந்துள்ளன. வேகம் மிகக் குறைந்தால் முன்னிறக்கைதான் முதலில் தூக்குவிசையை இழக்கும், மூக்கு தானாகத் தாழும், வேகம் மீளும். பெரிய இறக்கை ஸ்டால் ஆகும் நிலைக்கே போவதில்லை. எத்துணைச் சிறந்த ஏற்பாடு! ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. பெரிய இறக்கையில் ஃபிளாப் வைக்க இயலாது. வைத்தால் முன்னிறக்கையால் அதனைச் சமன்செய்ய முடியாது. ஆகவே அவ்விமானம் வேகமாகவே தரைதொடுகிறது. நீண்ட ஓடுதளத்தையும் கேட்கிறது. ஸ்டாலிலிருந்து காப்பது வேறு. குறைந்த வேகத்தில் இறங்குவது வேறு. ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் என்று கருதலாகாது.

ஒன்றே மூன்று பத்து

இறங்கும்போது எவ்வளவு வேகம் வைத்துக்கொள்வது? உலகெங்கும் விமானிகள் பழகிவரும் விதி, ஸ்டால் வேகத்தைப் போல் 1.3 மடங்கு என்பதாகும். ஒரு கணக்குப் போடுவோம். நாம் எடுத்துக்கொள்ளும் விமானத்தின் ஸ்டால் வேகம், ஃபிளாப் தாழ்த்திய நிலையில், மணிக்கு 110 கிலோமீட்டர் என்க. அதனை 1.3-ஆல் பெருக்கினால் 143. இதுவே இறங்கு வேகம். கையில் 33 கிலோமீட்டர் சேமிப்பு இருக்கிறது.

இச்சேமிப்பு தாராளமாகத் தோன்றும். ஆனால் விமானம் சாய்ந்து திரும்பும்போது என்ன ஆகிறது? சாய்ந்த இறக்கையின் தூக்குவிசையில் ஒரு பகுதி பக்கவாட்டில் போய்விடுகிறது. உயரம் குறையாமல் திரும்ப வேண்டுமானால் மொத்தத் தூக்குவிசையைக் கூட்ட வேண்டும். எனவே ஸ்டால் வேகமும் கூடுகிறது. நம் விமானத்தில் 30 பாகை சாய்ந்தால் 110 என்பது 118 ஆகும். 45 பாகை சாய்ந்தால் 131 ஆகும். 60 பாகை சாய்ந்தால் 156 ஆகிவிடும். நம் இறங்கு வேகமோ 143! அதாவது, விதிப்படி சரியான வேகத்தில் வந்துகொண்டிருக்கும் விமானமே, மட்டத்தில் 60 பாகை சாய்த்துத் திருப்பினால் ஸ்டால் ஆகிவிடும். 45 பாகையில் மிஞ்சுவது 12 கிலோமீட்டர்தான். ஒரு காற்று வீச்சு அதனைப் பறித்துக்கொள்ளும்.

கடைசித் திருப்பம்

இக்கணக்கு உயிரைக் குடிக்கும் இடம், ஓடுதளத்துக்கு நேராக வருவதற்கு முந்திய கடைசித் திருப்பம். குறுக்கே பறந்து வருகையில் பின்காற்று தள்ளினால், திரும்பி முடிவதற்குள் விமானம் ஓடுதள நேர்க்கோட்டைக் கடந்துவிடும். விமானி என்ன செய்கிறார்? இன்னும் சாய்க்கிறார். சாய்ப்பதற்கு அஞ்சினால், காலால் சுக்கானை மிதித்து மூக்கை உள்பக்கம் தள்ளப் பார்க்கிறார். மூக்கு தாழ்கிறது, கைப்பிடியைப் பின்னால் இழுக்கிறார். மூன்றும் சேர்ந்தால் உள்பக்க இறக்கை முதலில் ஸ்டால் ஆகி, விமானம் சுழன்று விழும். அப்போது உயரம் 150 மீட்டர் இருந்தால் பெரிது. மீள்வதற்கு அது போதாது.

இதற்கு மருந்து மிக எளிது. கடைசித் திருப்பத்தில் 30 பாகைக்கு மேல் சாய்ப்பதில்லை என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். கோட்டைக் கடந்துவிட்டால் கடந்ததுதான். இயந்திரத்துக்கு வலுக் கொடுத்து மேலேறி, மறுபடி சுற்றி வர வேண்டும்.

மெல்லப் போக அதிக வலு

மிகுவேக விமானங்களில் இன்னொரு பொறியும் உண்டு. மெல்லப் போவதற்குக் குறைந்த வலுவே போதும் என்பது நம் பொது அறிவு. மிதிவண்டிக்கு அது சரி. விமானத்தில் ஓர் அளவுக்குக் கீழே இது தலைகீழாகிறது. வேகம் குறைந்து கோணம் கூடும்போது, தூக்குவிசையை உண்டாக்குவதால் எழும் இழுவை வேகமாக வளர்கிறது. மெல்லப் போவதற்கே அதிக வலு வேண்டியதாகிறது. அந்நிலையில் இயந்திரத்தை அடக்கியே வைத்திருந்தால், வேகம் சற்றுக் குறையும். குறைந்ததால் இழுவை கூடும். கூடியதால் வேகம் மேலும் குறையும். கடன் வட்டியைப் போல் அது தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும்.

பெரிய விமானங்களும் இதற்கு விலக்கல்ல. 1990 பிப்ரவரி 14-இல் பம்பாயிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஏர்பஸ் 320 விமானம், பெங்களூர் எச்.ஏ.எல். விமான நிலையத்தை நெருங்கும்போது, இயந்திரங்கள் அடங்கிய நிலையிலேயே இறங்கிக்கொண்டிருந்தது. வேகம் இறங்கு வேகத்துக்கு வெகுகீழே போன பிறகே அது உணரப்பட்டது. வலுக் கொடுத்தபோது காலம் கடந்துவிட்டது. ஓடுதளத்துக்கு முன்னாலுள்ள கோல்ஃப் மைதானத்தில் விமானம் விழுந்து 92 பேர் மாண்டனர். வானிலை நன்றாகத்தான் இருந்தது. வேகங்காட்டும் முள்ளைக் கவனிப்பார் இல்லாததுதான் குறை.

கூடினால் குறையில்லையா?

“அப்படியானால் பத்து இருபது கூட்டியே வைத்துக்கொள்வோமே” என்று தோன்றும். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் ஓடும் பொருளின் ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. 143-க்குப் பதில் 157-இல் வந்தால் வேகம் பத்து விழுக்காடுதான் கூடுகிறது. ஆற்றலோ 21 விழுக்காடு கூடுகிறது. அவ்வளவையும் பிரேக்கு தின்றாக வேண்டும். அதற்கு முன், இழுவை குறைந்த அவ்விமானம் தரையில் படியாமல் ஓடுதளத்தின் மேலேயே மிதந்துகொண்டு போகும். பொறுமையிழந்த விமானி அதனை வலிந்து தரையில் அழுத்தினால், முன்சக்கரம் முதலில் பட்டுத் துள்ளும். துள்ளல் ஒவ்வொன்றும் முந்தியதினும் பெரிதாகும். முன்சக்கரம் முறிந்து, சுழலி தரையில் அடிபட்ட விமானங்கள் பல.

2010 மே 22-இல் மங்களூரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மிகு உயரத்தில், மிகு வேகத்தில் வந்து, ஓடுதளத்தின் பெரும்பகுதியைக் கடந்த பின்னரே தரைதொட்டது. மேசை போன்ற குன்றின் விளிம்பைத் தாண்டி விழுந்ததில் 158 பேர் மடிந்தனர். 2020 ஆகஸ்டு 7-இல் கோழிக்கோட்டில், மழையில், பின்காற்றோடு இறங்கிய விமானமும் ஓடுதளத்தின் பாதியளவு கடந்தே தரைதொட்டது. 21 உயிர்கள் போயின. பெங்களூரில் வேகம் குறைந்தது கொன்றது. மங்களூரில் மிகுந்தது கொன்றது. இரண்டும் நம் பக்கத்து ஊர்கள். பாடத்துக்குத் தொலைதூரம் போக வேண்டியதில்லை.

தங்கவயலின் காற்று

இனி, தங்கவயலுக்கு அருகே ஒரு சிறு ஓடுதளத்தில் நம் விமானம் சித்திரை மாத நண்பகலில் இறங்குவதாகக் கற்பனை செய்வோம். அவ்வூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெயில் 35 பாகை என்க. உயரத்தாலும் வெப்பத்தாலும் காற்று இளகி, அதன் அடர்த்தி கடல் மட்டத்தில் 15 பாகை வெப்பத்தில் உள்ளதில் சுமார் 84 விழுக்காடாகக் குறைந்துவிடும்.

இதனால் என்ன? வேகங்காட்டும் கருவி உண்மையில் அளப்பது காற்று மோதும் அழுத்தத்தை. இறக்கைக்கு வேண்டியதும் அதே அழுத்தம்தான். எனவே ஸ்டால் வருவது சென்னையிலும் தங்கவயலிலும் முள் 110-ஐக் காட்டும்போதே. நாம் வைத்துக்கொள்ள வேண்டியதும் முள்ளில் 143-தான். ஆனால் இளகிய காற்றில் அந்த அழுத்தத்தைப் பெற விமானம் உண்மையில் 156 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். தரை அவ்வளவு விரைவாகப் பின்னோக்கி ஓடும்.

இங்கே கண் விமானியை ஏமாற்றுகிறது. கடற்கரையில் பழகியவருக்கு, “ஐயோ, மிக வேகமாக வருகிறோமே” என்று தோன்றும். முள்ளைப் பாராமல் தரையைப் பார்த்து வேகத்தைக் குறைப்பார். கண்ணுக்குப் பழகிய 143-க்கு அவர் வரும்போது முள் 131-ஐக் காட்டிக்கொண்டிருக்கும். 33 கிலோமீட்டர் சேமிப்பு 21 ஆகிவிடும். பின்காற்றில் திரும்பும்போதும் இதே மயக்கம் நேரும். கூண்டு ஓட்டுபவர் காணாத கூண்டை முள்ளை நம்பி ஓட்டினார். விமானியும் தரையை நம்பாமல் முள்ளை நம்ப வேண்டும்.

மேலும், அதே 143-இல் இறங்கினாலும், உண்மை வேகம் மிகுதியாதலால் நிறுத்த வேண்டிய ஆற்றல் சுமார் 18 விழுக்காடு கூடும். கடல் மட்டத்தில் 600 மீட்டரில் நிற்கும் விமானம் இங்கு 700 மீட்டருக்கு மேல் கேட்கும். திரும்ப மேலேற வேண்டி வந்தாலோ, மெல்லிய காற்றை உண்ணும் சாதாரண இயந்திரத்தின் வலுவும் குறைந்திருக்கும். ஆகவே முடிவைச் சற்று முன்னதாகவே எடுக்க வேண்டும்.

உன் எண்ணை நீயே காண்

இதுவரை ஸ்டால் வேகம் தெரிந்ததாகவே வைத்துக்கொண்டோம். சொந்தமாகக் கட்டிய விமானத்தில் அது தெரியாது என்பதே உண்மை. வரைந்தவர் தம் முதல் விமானத்தில் அளந்த எண் ஏட்டில் இருக்கும். ஆனால் அவருடையது வேறு, நம்முடையது வேறு. கட்டுவோர் கூடுதல் கருவிகளும் மெத்தையும் வண்ணமும் சேர்த்து எடையைக் கூட்டிவிடுவர். எடை பத்து விழுக்காடு கூடினால் 110 என்பது 115 ஆகிவிடும். இறக்கையின் முன்விளிம்பு கையால் தேய்த்து உருவாக்கப்பெற்றது. வலமும் இடமும் ஒரே வடிவில் இல்லாவிட்டால் ஸ்டாலில் ஒரு பக்கமாகவே சாயும். காற்றழுத்தத் துளை சற்று இடம் மாறி அமைந்தாலும் வேகங்காட்டி பொய் சொல்லும். முள் பத்து கிலோமீட்டர் கூடுதலாகக் காட்டினால், பிறர் தந்த 143-ஐ நம்பி வருபவர் உண்மையில் 133-இல் வந்துகொண்டிருப்பார்.

எனவே சோதனை வேண்டும். முதலில் விமானத்தை நிறுத்து, எடைமையம் வரைந்தவர் குறித்த எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மையம் பின்னால் போனால் ஸ்டாலிலிருந்து மீள்வதே அரிதாகும். பின்பு அனுபவம் மிக்க விமானி, தரைக்கு மேல் 1,500 மீட்டருக்குக் குறையாத உயரத்தில், ஃபிளாப்பும் சக்கரமும் தாழ்த்தி, வேகத்தை நொடிக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர் வீதம் மெல்லக் குறைத்து, ஸ்டால் வரும்போது முள் எங்கே நிற்கிறது என்று குறிக்க வேண்டும். ஒரு முறை போதாது. பல முறை, பல எடைகளில் செய்ய வேண்டும். வேகங்காட்டியின் பிழையை அறிய, ஒரே முள் வேகத்தில் எதிரெதிர்த் திசைகளில் பறந்து, செயற்கைக்கோள் கருவி காட்டும் தரைவேகங்களைச் சராசரி பார்த்து, காற்றின் அடர்த்திக்குத் திருத்தி ஒப்பிடலாம். இறக்கைக் கோணத்தையே நேராகக் காட்டும் சிறு கருவிகளும் இன்று கிடைக்கின்றன. ஸ்டால் கோணத்தால் வருவது என்று கண்டோம் அல்லவா? எடையும் சாய்வும் எப்படி மாறினாலும் அக்கருவி உண்மையை உரைக்கும்.

நினைவில் நிற்க வேண்டியவை

சொன்னவற்றைத் திரட்டிக் கூறுவோம்.

ஒன்று: இறங்கு வேகம், தன் விமானத்தில், அன்றைய எடையில், தானே அளந்த ஸ்டால் வேகத்தின் 1.3 மடங்கு. காற்று வீசி வீசி அடித்தால், வீச்சின் ஏற்றத்தில் பாதியைக் கூட்டிக்கொள்க. 30 கிலோமீட்டர் காற்று அவ்வப்போது 50-க்கு ஏறினால், பத்துக் கூட்டுவது போதும். அச்சத்துக்கென்று தனியாக எதையும் கூட்ட வேண்டாம்.

இரண்டு: கடைசித் திருப்பத்தில் சாய்வு 30 பாகைக்கு மேற்படாது.

மூன்று: 150 மீட்டர் உயரம் வருவதற்குள் வேகம், இறங்கும் சரிவு, நேர்க்கோடு மூன்றும் அமைந்துவிட வேண்டும். ஒன்று தவறினாலும் மேலேறிச் சுற்றி வர வேண்டும்.

நான்கு: ஓடுதளத்தின் முதல் மூன்றில் ஒரு பகுதிக்குள் தரைதொடாவிட்டால், தொட முயலவே வேண்டாம்.

ஐந்து: மலைநாட்டிலும் கோடையிலும் கண்ணை நம்பாமல் கருவியை நம்புக.

இவற்றுள் மிகக் கடினமானது மூன்றாவதே. கணக்கு கடினமன்று, மனம்தான் கடினம். தன் கையால் பல ஆண்டு உழைத்துக் கட்டிய விமானம், கீழே உற்றாரும் நண்பரும் கூடி நிற்கின்றனர்; இந்நிலையில் “இம்முறை சரியாக அமையவில்லை, மறுபடி வருகிறேன்” என்று மேலேறிப் போவதை இழுக்கென்று கருதும் மனம் நம்மவரிடம் உண்டு. அது இழுக்கன்று. இறங்காமல் திரும்பியதால் இறந்தவரைவிட, திரும்பாமல் இறங்க முயன்று இறந்தவரே மிகப் பலர்.

தங்கவயலின் இயந்திர வீட்டில் அமர்ந்திருந்தவர்களைப் பற்றி நூல்கள் அதிகம் பேசுவதில்லை. அவர்கள் கையில் ஒவ்வொரு வேளையும் கூண்டு நிறைந்த உயிர்கள் இருந்தன. குறி வந்ததும் வேகத்தைக் குறைத்தார்கள். விரைவாகக் கொண்டுவந்தார் என்று அவர்களை எவரும் புகழவில்லை. பத்திரமாகக் கொண்டுவந்தார் என்பதே அவர்களுக்குப் பெருமை. வானூர்தி கட்டக் கனவு காணும் நம் இளைஞர்கள், உச்ச வேகத்தை எண்ணும்போதே தரைதொடும் வேகத்தையும் எண்ணுவார்களாக. வரைபடத்தின் முதல் தாளிலேயே அந்த எண் எழுதப்படட்டும்.